இன்டர்ஃபெரானைத் தேடிய எதிர்ப்பொருள்

உயிரியல் ஆய்வகங்களின் குளிர்பெட்டிகளில் விரல்நுனி அளவேயுள்ள பிளாஸ்டிக் குப்பிகள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் சில துளி நிறமற்ற திரவம். மேலே ஒரு சீட்டு. 'மனித இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவுக்கு எதிரானது, சுண்டெலியிலிருந்து பெறப்பட்டது, ஆய்வுக்கு மட்டும்' என்பது போன்ற வாசகம் அதில் அச்சாகியிருக்கும். எண்ணற்ற புரதங்கள் கலந்து கிடக்கும் ரத்தத்துளி ஒன்றிலிருந்து இன்டர்ஃபெரானை மட்டும் அடையாளம் கண்டு சொல்வது அத்துளிகளின் வேலை. இலக்கியம் பயின்ற நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஒரு பெயருக்கும் அப்பெயர் குறிக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு எப்படி உறுதிப்படுகிறது, எங்கே நழுவுகிறது என்பதற்கு இக்குப்பியின் வரலாற்றைவிட நல்ல சான்று நமக்கு எளிதில் கிடைப்பதில்லை.

முதலில் சொல்லை ஒழுங்குபடுத்திக்கொள்வோம். ஆங்கிலவழியில் ஆன்டிபாடி எனப்படுவதைத் தமிழகப் பாடநூல்கள் எதிர்ப்பொருள் என்கின்றன. ஈழத்துப் பாடநூல்களில் அது பிறபொருளெதிரி. நம் பார்வையில் ஈழத்துச் சொல்லே செறிவானது. எதை எதிர்க்கிறது என்பதையும் சொல்லுக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. ஆயினும் சுருக்கம் கருதி இங்கே எதிர்ப்பொருள் என்றே எழுதுகிறோம். ஈழத்துச் சொல்லிடம் பின்னர் ஒருமுறை திரும்ப வேண்டியிருக்கும்.

1957ஆம் ஆண்டு, லண்டனின் மில் ஹில் பகுதியிலிருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் அலிக் ஐசக்ஸ், ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்திருந்த ஜான் லிண்டன்மன் ஆகிய இருவரும் ஒரு சோதனை செய்தனர். கோழிமுட்டையின் கருவைச் சூழ்ந்த சவ்வுத் துண்டுகளை, வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளுவென்சா வைரஸோடு சில மணி நேரம் ஊறவைத்தனர். பின்பு அந்த நீரை மட்டும் எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகளில் சேர்த்தனர். அத்துண்டுகளில் உயிருள்ள வைரஸ் பெருக மறுத்தது. பாதிக்கப்பட்ட செல்கள் ஏதோ ஒன்றை வெளிவிடுகின்றன, அது அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரித்து ஆயத்தப்படுத்துகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. வைரஸின் பெருக்கத்தில் குறுக்கிடுவதால் இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர். நம் இலக்கண மொழியில் சொன்னால் இது முழுக்க முழுக்கக் காரணப்பெயர். அதன் வடிவம் என்ன, எடை என்ன, எதனால் ஆனது என்பதெல்லாம் அப்போது எவருக்கும் தெரியாது. செய்த வேலை மட்டுமே தெரியும்.

இதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1954இல், டோக்கியோவில் நகானோவும் கொஜிமாவும் முயலின் தோலில் இதையொத்த ஒரு தடுப்புக் காரணியைக் கண்டு பிரெஞ்சு மொழியில் எழுதியிருந்தனர். ஜப்பானியர் பிரெஞ்சில் எழுதியதை ஆங்கில உலகம் போதிய அளவு கவனிக்கவில்லை. எந்த மொழியில் எழுதுகிறோம் என்பது அறிவியலிலும் விதியைத் தீர்மானிக்கிறது போலும்.

ஐசக்ஸுக்கும் வழி எளிதாக இருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத, தூய்மைப்படுத்த முடியாத, அளக்கவும் கடினமான ஒரு பொருளை எப்படி நம்புவது? ஐயுற்றவர்கள் 'மிஸ்இன்டர்ப்ரெட்டான்' என்று கேலிப்பெயர் சூட்டினர். தவறாகப் பொருள்கொள்ளப்பட்ட ஒன்று என்பது அதன் உட்பொருள். மறுபுறம், 1960இலேயே ஃபிளாஷ் கார்டன் என்னும் அமெரிக்கச் சித்திரக்கதையில் விண்வெளி நோயாளியைக் காக்கும் மருந்தாக இன்டர்ஃபெரான் தோன்றிவிட்டது. ஆய்வகத்தில் ஐயம், சித்திரக்கதையில் அற்புதம்! இவ்விரண்டுக்கும் நடுவே மில் ஹில்லில் டெரெக் பர்க் என்ற இளம் வேதியியலாளர் அதைத் தூய்மைப்படுத்தப் பெரிதும் முயன்றார். முடியவில்லை. இருந்த பொருளோ மிக மிகக் கொஞ்சம். அதைச் சூழ்ந்திருந்த பிற புரதங்களோ மிக மிக அதிகம். ஐசக்ஸ் 1967இல் 45ஆம் வயதில் மறைந்தார். தாம் பெயரிட்ட பொருளைத் தூய வடிவில் அவர் கண்டதில்லை.

அக்காலத்தில் இன்டர்ஃபெரானை அளந்த முறையைச் சற்று விளக்கினால்தான் பின்னால் வருவதன் அருமை புரியும். செல்களைத் தட்டில் வளர்க்க வேண்டும். ஐயத்துக்குரிய திரவத்தைப் பல்வேறு அளவில் நீர்க்கச் செய்து அவற்றின்மேல் விட வேண்டும். பிறகு வைரஸை ஏவ வேண்டும். எந்த அளவு வரை செல்கள் பிழைக்கின்றன என்று பார்த்து, அதிலிருந்து இன்டர்ஃபெரானின் அளவை ஊகிக்க வேண்டும். இதற்குச் சில நாட்கள் ஆகும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் விடை மாறும். மேலும், செல்களைக் காத்தது இன்டர்ஃபெரான்தானா, வேறொன்றா என்பதற்கும் உறுதியில்லை. மழை பெய்ததை ஈர மண்ணைப் பார்த்து அறிவது போன்ற அறிவு அது. யாரோ நீர் தெளித்திருக்கவும் கூடும் அல்லவா?

குறிப்பிட்ட ஒரு பொருளைப் பற்றிப்பிடிக்கும் எதிர்ப்பொருள் இருந்தால் இத்தொல்லை தீரும் என்பது எல்லோரும் அறிந்ததே. 1890இல் பெர்லினில் பெஹ்ரிங்கும் கிடசாட்டோவும் நோய்நஞ்சை முறிக்கும் ஆற்றல் விலங்கின் ரத்தநீரில் உருவாவதைக் காட்டியதிலிருந்து அத்துறை வளர்ந்திருந்தது. 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்தார். 1959ஐ ஒட்டி நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்கத்தைத் துணைகொண்டு இன்சுலினை நுண்ணளவில் அளந்தனர். யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972இலேயே இறந்துவிட்டார். இவையெல்லாம் முயல், கினிப்பன்றி போன்ற விலங்குக்கு ஊசி போட்டு, அதன் ரத்தநீரை எடுத்துச் செய்த வேலைகள். ஒரு விலங்கின் ரத்தநீரில் ஒரே வகை எதிர்ப்பொருள் இருப்பதில்லை. செலுத்திய பொருளின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றும் பல வகைகள் கலந்திருக்கும். ஒரு செய்யுளுக்குப் பல உரையாசிரியர்கள் ஒரே வேளையில் பொருள் சொல்வது போன்றது இது. செலுத்திய பொருள் தூய்மையற்றதாக இருந்துவிட்டால், அருகிலுள்ள வேறு செய்யுட்களுக்கும் சேர்த்து உரை சொல்லத் தொடங்கிவிடுவர். இன்டர்ஃபெரான் விஷயத்தில் நேர்ந்தது அதுதான். தூய இன்டர்ஃபெரான் வேண்டுமென்றால் நல்ல எதிர்ப்பொருள் வேண்டும். நல்ல எதிர்ப்பொருள் வேண்டுமென்றால் தூய இன்டர்ஃபெரான் வேண்டும்.

இந்தச் சுழல் உடைந்த இடம் கேம்பிரிட்ஜ். மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றிய செசார் மில்ஸ்டீன் அர்ஜென்டினாவின் பாயியா பிளாங்காவில் பிறந்தவர். தம் நாட்டு ஆட்சியாளர்கள் அறிவியல் நிறுவனத்தை வேட்டையாடியபின் 1960களின் முற்பகுதியில் இங்கிலாந்து திரும்பியவர். அவரிடம் சேர்ந்த ஜெர்மானிய இளைஞர் கியோர்க் கோலர். எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்லை உடலுக்கு வெளியே வளர்த்தால் விரைவில் மடிந்துவிடும். மையலோமா என்னும் புற்றுச்செல்லோ ஓயாமல் பெருகும். இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டால்? ஆட்டின் சிவப்பணுக்களைச் சுண்டெலிக்குச் செலுத்தி, அதன் மண்ணீரல் செல்களை எடுத்து, செண்டாய் என்னும் வைரஸின் துணையோடு மையலோமா செல்களுடன் இணைத்தனர். பலிக்குமா என்று பார்க்கப் போன கோலர், பலிக்காவிட்டால் சலிப்பாக இருக்குமே என்று மனைவியையும் நிலவறை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றார் என்பது அவரே சொன்ன செய்தி. தட்டுகளில் வட்ட வட்டமாக வெளுத்த இடங்கள் தெரிந்தன. எதிர்ப்பொருள் சுரந்து ஆட்டின் அணுக்களைக் கரைத்த தடங்கள் அவை. மனைவியை முத்தமிட்டுக் கூவினாராம்.

1975 ஆகஸ்டில் இது 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. ஒரு செல்லின் வழித்தோன்றல்கள் யாவும் ஒரே எதிர்ப்பொருளையே சுரக்கும். உறைநிலையில் வைத்துக் காலகாலமாக எடுத்துப் பயன்படுத்தலாம். பல உரையாசிரியர்களின் கூச்சல் ஓய்ந்து ஒருவர் குரல் மட்டும் கேட்டது எனலாம். கட்டுரையின் இறுதியில் மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் இது பயன்படக்கூடும் என்று அடக்கமாக ஒரு வரி சேர்த்திருந்தனர். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் காப்புரிமை பற்றித் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்திடம் கேட்டது. உடனடி நடைமுறைப் பயன் எதுவும் தெரியவில்லை என்னும் கருத்தில் 1976இல் விடை வந்தது. மில்ஸ்டீனோ கேட்டவர்க்கெல்லாம் செல்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அவ்வாறு பெற்ற செல்களைக் கொண்டு பணியாற்றிய ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் கழகத்தார் 1979, 1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் காப்புரிமைகள் பெற்றனர். மில்ஸ்டீனுக்கும் கோலருக்கும் 1984இல், நீல்ஸ் யெர்னேயோடு சேர்த்து, நோபல் கிடைத்தது. அன்றைய அதிகாரிகளை மூடர் என்று இகழ்வது இன்று எளிது. ஆனால் ஆட்டின் சிவப்பணுவைப் பற்றும் எலியின் புரதத்துக்குச் சந்தை இருக்கும் என்று 1976இல் யாரால் கண்டிருக்க முடியும்?

இனி டெரெக் பர்க் மீண்டும் வருகிறார். மில் ஹில்லில் தோற்ற அந்த இளைஞர் இப்போது வார்விக் பல்கலைக்கழகப் பேராசிரியர். மில்ஸ்டீனின் ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் செச்சரும் அவரும் கைகோத்தனர். அவர்களிடம் இருந்ததும் தூய்மையற்ற இன்டர்ஃபெரான்தான். அக்காலத்தில் ஹெல்சிங்கியில் காரி கான்டெல் என்பவர் ரத்ததானத்தில் எஞ்சும் வெள்ளணுக்களிலிருந்து அதைப் பெருமளவில் எடுத்துவந்தார். வெள்ளணுக்களைத் தூண்ட அவர் பயன்படுத்தியதும் அதே செண்டாய் வைரஸே. ஆயிரக்கணக்கான லிட்டர் ரத்தத்திலிருந்து பெற்றும், அப்பொருளில் இன்டர்ஃபெரான் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கேம்பிரிட்ஜ் முறையில் தூய்மையின்மை ஒரு தடையன்று. எலிக்குள் எத்தனை குப்பையைச் செலுத்தினாலும், ஒவ்வொரு செல்லும் ஒன்றை மட்டுமே பற்றும் எதிர்ப்பொருளைச் சுரக்கும். செல்களைத் தனித்தனியே பிரித்து, எது இன்டர்ஃபெரானைப் பற்றுகிறது என்று தேடினால் போதும். தேடுவதுதான் பெரும்பாடு, ஒவ்வொரு முறையும் பழைய வைரஸ் சோதனையையே நாட வேண்டும். இறுதியில் அகப்பட்ட எதிர்ப்பொருளுக்கு என்கே2 என்று பெயர். அதை மணிகளில் பிணைத்து ஒரு குழாயில் நிரப்பி, கலவையை ஒரே ஒருமுறை அதன் வழியே விட்டபோது இன்டர்ஃபெரான் ஏறத்தாழ 5,000 மடங்கு தூய்மையடைந்தது. 1980இல் 'நேச்சர்' இதழில் இது வந்தது. அடுத்த ஆண்டே, 1981இல், செச்சர் அதே எதிர்ப்பொருளைக் கொண்டு இன்டர்ஃபெரானைக் கண்டறிந்து அளக்கும் கதிரியக்கச் சோதனை ஒன்றை வெளியிட்டார். செல்லும் வேண்டாம், வைரஸும் வேண்டாம். செயலால் மட்டும் அறியப்பட்டுவந்த பொருள் அன்று முதல் உருவாலும் அறியப்பட்டது.

1980 என்பது இன்டர்ஃபெரானின் உற்சவ ஆண்டு. ஜனவரியில் சூரிச்சின் சார்லஸ் வைஸ்மன் குழு அதன் மரபணுவைப் பாக்டீரியாவில் ஏற்றிவிட்டதாக அறிவித்தது. மார்ச்சில் 'டைம்' இதழின் அட்டையில் புற்றுநோய் மருந்தாக அது இடம்பெற்றது. அந்த எதிர்பார்ப்பு பெரும்பகுதி பொய்த்தது. 1986இல் அமெரிக்கா அதற்கு முதலில் ஒப்புதல் அளித்தது அரிதான ஒருவகை ரத்தப்புற்றுக்கு மட்டுமே. மருந்தின் கதையை இத்துடன் விட்டுவிடுவோம். நமக்கு முக்கியம் வேறொன்று. மரபணுக்களைப் பார்த்தபோது இன்டர்ஃபெரான் என்பது ஒருவர் பெயரன்று, குடும்பப் பெயர் என்று தெரிந்தது. மனிதரிடம் ஆல்ஃபா வகைக்கு மட்டும் 13 மரபணுக்கள் இருக்கின்றன. காமா எனப்படுவதோ அமைப்பில் அவற்றோடு ஒட்டுறவே இல்லாதது. வைரஸைத் தடுத்ததால் அதே பெயர் சூட்டப்பட்டது. காரணப்பெயரின் இடர் இதுதான். ஒரே தொழில் செய்பவரையெல்லாம் ஒரே குலமாக எண்ணிவிடுகிறோம். 'இன்டர்ஃபெரானுக்கு எதிரானது' என்று குப்பியில் எழுதியிருந்தால், எந்த இன்டர்ஃபெரானுக்கு என்ற கேள்வி உடனே எழ வேண்டும்.

இன்று பெரிதும் வழங்கும் சோதனை 1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் உருவாக்கிய எலிசா. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் ஓர் எதிர்ப்பொருளைப் படியவைப்பர். மாதிரியை ஊற்றினால் தேடும் புரதம் அதில் சிக்கும். மற்றவை கழுவலில் போய்விடும். பின்பு அதே புரதத்தின் வேறோர் இடத்தைப் பற்றும் இரண்டாம் எதிர்ப்பொருளை விடுவர். அதனோடு ஒரு நொதி பிணைந்திருக்கும். சாயப்பொருளைச் சேர்த்தால் நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியே அளவு. இருவர் வெவ்வேறு அடையாளம் சொல்லி ஒருவரையே சுட்டினால்தான் செல்லும் என்ற சாட்சிச் சட்டம் இது. அந்த நொதி பெரும்பாலும் ஹார்ஸ்ரேடிஷ் என்னும் ஐரோப்பியக் கிழங்கிலிருந்து வருகிறது. நம் முருங்கையை வெள்ளையர் ஹார்ஸ்ரேடிஷ் மரம் என்று அழைத்தது, முருங்கை வேரின் காரம் அக்கிழங்கை நினைவூட்டியதால்தான். நொதி முருங்கையிலிருந்து வருவதன்று. பெயர் ஒற்றுமை மட்டுமே என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

இக்குப்பிகளுக்குப் பின்னால் விலங்குகளின் துயரம் உண்டு. இணைந்த செல்களைச் சுண்டெலியின் வயிற்றுக்குள் வளர்த்து, வீங்கிய வயிற்றின் நீரிலிருந்து எதிர்ப்பொருளை எடுப்பது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது; ஐரோப்பிய நாடுகள் சில பின்னர் அதைத் தடைசெய்தன. கலிபோர்னியாவின் பெரிய எதிர்ப்பொருள் நிறுவனம் ஒன்று ஆடுகளை நடத்திய விதத்துக்காக 2016இல் 35 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. ஆய்வுக் கட்டுரைகளில் இந்த ஆடுகள் 'மூலம்' என்ற தலைப்பின்கீழ் ஒரு சொல்லாக நிற்கின்றன.

இனிச் சீட்டுக்கு வருவோம். குப்பியின் மேல் எழுதியது உண்மைதானா? கனடாவின் டொரண்டோவில் எலெஃப்தேரியோஸ் டியாமாண்டிஸ், இயோவானிஸ் பிரசாஸ் ஆகியோர் கணையப் புற்றோடு தொடர்புடைய ஒரு புரதத்தைத் தேடி, விலைக்கு வாங்கிய சோதனைத் தொகுப்பை நம்பி இரண்டாண்டு உழைத்தனர். ஏறத்தாழ 5 லட்சம் டாலர் கரைந்தபின், அது சுட்டியது தாம் தேடிய புரதத்தையன்று, முற்றிலும் வேறொன்றை என்று கண்டனர். அவர்கள் அதை மறைக்காமல் வெளியிட்டது போற்றத்தக்கது. 2015இல் பிராட்பரியும் ப்ளூக்துனும் நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர்களோடு சேர்ந்து, எதிர்ப்பொருட்களை மரபணு வரிசையால் வரையறுக்க வேண்டும் என்று 'நேச்சர்' வழியே வேண்டினர். 2023இல் ஒரு பன்னாட்டுக் கூட்டு முயற்சி 65 புரதங்களுக்கான 614 எதிர்ப்பொருட்களை ஒருசேரச் சோதித்து வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்டவை ஏதேனும் ஒரு சோதனையிலாவது தவறின. தவறியவற்றை நம்பி எழுதப்பட்ட கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

அக்குழு செய்த சோதனை முறை நமக்கு அயலானதன்று. தேடும் புரதத்தின் மரபணுவையே நீக்கிய செல்லையும், நீக்காத செல்லையும் அருகருகே வைத்தனர். புரதமே இல்லாத செல்லிலும் எதிர்ப்பொருள் 'இருக்கிறது' என்றால் அது பொய் சொல்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கிய உழைப்பை நாம் அறிவோம். ஒரே ஏட்டை நம்பியவன் ஏடெழுதியவனின் பிழையையும் பாடமாகக் கொள்வான். விலைப்பட்டியலை மட்டும் நம்பிய ஆய்வாளரின் நிலை அதுவே. ஏட்டைப் படி எடுத்தவனுக்காவது கைகடுத்தது என்று சமாதானம் சொல்லலாம். விற்பவர்க்கு அச்சமாதானமும் இல்லை.

இன்டர்ஃபெரான் காமாவைக் கண்டறியும் எதிர்ப்பொருட்கள் நம் ஊர் வரை வந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் மாடுகளின் காசநோயைக் கண்டறிய 1980களின் இறுதியில் உருவாகி, 2001இல் மனிதருக்கென அமெரிக்க ஒப்புதல் பெற்ற ரத்தச் சோதனை அது. காசநோய்க் கிருமியின் புரதங்களை ரத்தத்தோடு கலந்து ஓர் இரவு வைப்பர். முன்பு அக்கிருமியைச் சந்தித்த வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும். எதிர்ப்பொருள் அதை அளக்கும். நம் தோளில் தழும்பாக இருக்கும் பி.சி.ஜி. தடுப்பூசியில் இல்லாத புரதங்களைத் தேர்ந்தெடுப்பதால், பழைய தோல் சோதனையைப் போல் இது தடுப்பூசியைக் கண்டு ஏமாறாது. ஆனால் கிருமி உறங்குகிறதா, நோயாக விழித்துவிட்டதா என்று இதனால் சொல்ல இயலாது. உறங்கும் கிருமி கோடிக்கணக்கானோர் உடலில் உள்ள நாட்டில் இந்த வேறுபாடே எல்லாம். நோய் முற்றியதா என்று அறிய ஏழை, நடுத்தர நாடுகளில் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் அறிவுறுத்தியது. எதிர்ப்பொருள் தன் வேலையைச் சரியாகவே செய்தது. கேட்ட கேள்விதான் வேறு.

ஈழத்துச் சொல்லிடம் திரும்புவதாகக் கூறியிருந்தோம். 1981இல், செச்சரின் சோதனை வெளியான அதே ஆண்டில், ஒரு நோயாளியின் ரத்தத்தில் அவருடைய சொந்த இன்டர்ஃபெரானுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஓடுவதாகச் செய்தி வந்தது. அது ஓர் அரிய வினோதம் என்ற அளவில் நின்றுவிட்டது. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 செப்டம்பரில், ஜான் லோரான் காசனோவாவின் பன்னாட்டுக் குழு உயிருக்கு ஆபத்தான நிலையிலிருந்த 987 நோயாளிகளை ஆராய்ந்தது. அவர்களுள் குறைந்தது 101 பேரிடம் இத்தகைய எதிர்ப்பொருட்கள் இருந்தன, பெரும்பாலோர் ஆண்கள். நோய் இலேசாக வந்துபோன, அல்லது அறிகுறியே தோன்றாத 663 பேரில் ஒருவரிடமும் இல்லை. செச்சரும் பர்க்கும் எலியிடம் தேடித்தேடிப் பெற்றதை இவர்களின் உடல் கேட்காமலே செய்து வைத்திருந்தது. பிறபொருளெதிரி என்ற அழகிய சொல் இவ்விடத்தில் பொருந்தவில்லை; எதிர்க்கப்பட்டது பிறபொருளன்று. அந்த எதிர்ப்பொருட்கள் இன்டர்ஃபெரானைப் பற்றுவதோடு அதன் வேலையையும் நிறுத்துகின்றனவா என்று அறிய, நோயாளியின் ரத்தநீரையும் இன்டர்ஃபெரானையும் சேர்த்துச் செல்களின்மேல் விட்டு, அச்செய்தி உள்ளே சென்றதற்கு அடையாளமான ஸ்டாட்1 என்னும் புரதம் செயலூக்கம் பெறுகிறதா என்று பார்த்தனர். அதைப் பார்த்துச் சொன்னதும், சிறு குப்பியில் வாங்கிய ஓர் எதிர்ப்பொருளே.